ஊரணித் தண்ணீர் விடியலில் பச்சை, நண்பகலில் சிவப்பு: உள்ளே நீந்துவது என்ன?

வடக்கூரான்
எல்லோருக்கும் வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். ஊரணியை மீன் குத்தகைக்கு எடுத்து கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறோம். வெயில் காலம் தொடங்கியதிலிருந்து தண்ணீர் மேல் ஒரு மெல்லிய ஆடை படர்கிறது. விடியும்போது நல்ல பச்சை. வெயில் ஏற ஏறச் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். பொழுது சாய்ந்தால் மறுபடி பச்சை. யாரோ சாயம் கலக்கிறார்கள் என்று ஒரு பேச்சு, சாமி குற்றம் என்று இன்னொரு பேச்சு.

அக்கா மகள் படிக்கிற பள்ளியில் மைக்ராஸ்கோப் இருக்கிறது. ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம். பச்சையும் சிவப்புமாக நீள நீளமாக ஏதோ ஓடுகின்றன. சில நின்ற இடத்திலேயே உடம்பைச் சுருக்கி, உப்பி, மறுபடி நீள்கின்றன. இவை என்ன? மீனுக்கு ஆபத்தா? அந்தப் பிள்ளைக்கு இன்னொரு சந்தேகம்: காலும் இல்லை, துடுப்பும் இல்லை, எதை வைத்து நீந்துகின்றன?

துளிநீர்
வாருங்கள் நண்பரே. சாயமும் இல்லை, சாமி குற்றமும் இல்லை. நீங்கள் சொல்கிற நிறமாற்றத்தை வைத்தே சொல்லிவிடலாம், யூக்ளினா. அதிலும் யூக்ளினா சாங்குயினியா என்ற இனமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

அதன் உடம்பு ஒரே ஒரு செல். உள்ளே பசுங்கணிகங்கள் உண்டு, அவற்றோடு அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி நிறைந்த துகள்களும் உண்டு. வெளிச்சம் மங்கலாக இருக்கும்போது சிவப்புத் துகள்கள் செல்லின் நடுவில் ஒடுங்கிக்கொள்ளும், அப்போது பச்சை தெரியும். வெயில் உறைத்ததும் துகள்கள் வெளிவிளிம்புக்குப் பரவிப் பசுங்கணிகங்களுக்குக் குடை பிடிக்கும், அப்போது சிவப்பு தெரியும். இதற்குச் சில நிமிடங்கள் போதும். உங்கள் சிவப்பு ஆடையில் கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வீட்டுக்குள் நிழலில் வையுங்கள், கண்முன்னே பச்சையாகும்.

உடம்பைச் சுருக்கி நீட்டுவதும் யூக்ளினாவின் அடையாளம்தான். அதன் மேற்புறத்தில் புரதப் பட்டைகள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதால் உடம்பு இப்படியெல்லாம் நெளிகிறது. அமீபாவைப் போலப் பொய்க்கால் நீட்டுவதில்லை.

பாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நீந்துவது கசையிழையை வைத்து. சாட்டை மாதிரி ஒரு நீண்ட இழை, வெளியே ஒன்றுதான் தெரியும். இரண்டாவது மிகவும் குட்டை, முன்முனையில் உள்ள குழிக்குள்ளேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தட்டுப்படாததற்குக் காரணம் அதன் மெலிவு. தடிமன் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கால் பங்குதான். மைக்ராஸ்கோப்பில் ஒளியைக் குவிக்கும் கண்டன்சருக்கு அடியில் இருக்கும் டயாபிரமை நன்றாக மூடி வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு 40 ஆப்ஜெக்டிவில் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் லுகால்ஸ் அயோடின் ஒரு சொட்டு போதும். கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் அதை விட்டு, எதிர் விளிம்பில் டிஷ்யூ தாளை வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். உயிர் போய்விடும், ஆனால் இழை பழுப்பு நிறமேறித் தெளிவாக நிற்கும்.

குளத்துமீன்
மீனைப் பற்றி நான் சொல்கிறேன், பண்ணை வைத்திருப்பவன். அண்ணே, இது கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம். யூக்ளினா சாங்குயினியாவின் சில வகைகள் யூக்ளினோபைசின் என்ற நஞ்சைச் சுரக்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் பண்ணை மீன்கள் செத்துப்போன காரணத்தை ஆராயப் போய்த்தான் இது வெளியே வந்தது. எல்லா ஊரணிச் சிவப்பும் நஞ்சு என்று பயப்பட வேண்டாம், அதற்காக அலட்சியமும் கூடாது.

முக்கியமாக ஒன்று. யாராவது மயில்துத்தம் போடச் சொன்னால் கேட்காதீர்கள். இந்தச் செல்கள் மொத்தமாகச் செத்தால் உள்ளே இருக்கும் நஞ்சு தண்ணீரில் கலக்கும். அழுகும்போது ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். மீனைக் கொல்ல அது ஒன்றே போதும். காற்று ஆடையை ஒரு மூலைக்கு ஒதுக்கும் நேரம் பார்த்து, பழைய வேட்டித் துணியால் வழித்தெடுத்துக் கரைக்கு அப்பால் கொட்டுங்கள். சாணி, கோழி எரு போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். எரு மிஞ்சிய தண்ணீரில்தான் இது கொழிக்கும். விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் மோட்டாரை ஓட்டித் தண்ணீரை மேலிருந்து கொட்ட விடுங்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்வதும் நல்லது.

வடக்கூரான்
ரொம்ப நன்றி. மயில்துத்தம் போடலாம் என்று இருந்தோம், நிறுத்திவிட்டேன். டம்ளர் சோதனை செய்து பார்த்தாயிற்று, நீங்கள் சொன்ன மாதிரியே நிழலில் பச்சையாகிவிட்டது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பாப்பா விடமாட்டேன் என்கிறாள். "சாட்டை பின்னால்தானே இருக்கும், தலைப்பிரட்டை மாதிரி தள்ளிக்கொண்டு போகுமா?"

விலங்கியல் டீச்சர்
அந்தக் குழந்தைக்கு என் வாழ்த்துகள். பாடப் புத்தகப் படத்தை மனப்பாடம் செய்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வருவதே இல்லை.

யூக்ளினாவின் கசையிழை முன்பக்கம் இருக்கிறது. முன்முனைக் குழியிலிருந்து வெளியே வந்து, உடம்பையொட்டிப் பின்னோக்கி வளைந்து, சுழன்று அடிக்கிறது. செல் தன் அச்சில் உருண்டுகொண்டே, இழை இருக்கிற பக்கமாக முன்னேறுகிறது. ஆக, தள்ளுவதைவிட இழுப்பது என்பதுதான் சரி. மனித விந்தணு இதற்கு நேர் எதிர், வால் பின்னால் நின்று தள்ளும். கிளாமிடோமோனஸ் என்ற இன்னொரு பச்சைச் செல்லுக்கு முன்னால் இரண்டு இழைகள். இரண்டையும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் வீசி, பிறகு உடம்போடு ஒட்டினாற்போல் மடக்கி முன்னுக்குக் கொண்டுவரும். விநாடிக்கு ஏறக்குறைய 50 முறை. அதன் உடம்பே 10 மைக்ரான்தான், ஒரே விநாடியில் அதைப்போல் பத்து மடங்கு தூரம் போய்விடும்.

உருண்டுகொண்டே போவதில் ஒரு சூட்சுமம் உண்டு. யூக்ளினாவின் முன்முனையில் ஆரஞ்சுச் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். கண் புள்ளி என்று சொல்லித்தருகிறோம். உண்மையில் வெளிச்சத்தை உணர்வது அந்தப் புள்ளி இல்லை. கசையிழையின் அடியில் இருக்கும் ஒரு சிறு வீக்கம்தான் உணர்கிறது. சிவப்புப் புள்ளி அதற்கு மறைப்பு. செல் உருளும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை புள்ளியின் நிழல் வீக்கத்தின் மேல் விழுந்து விலகும். நிழல் எப்போது விழுகிறது என்பதை வைத்து, விளக்கு எந்தப் பக்கம் என்று செல்லுக்குத் தெரிகிறது. உடனே இழையின் வீச்சு மாறுகிறது, திசை திரும்புகிறது. அந்த வீக்கத்தில் இருக்கும் ஒளி உணர் புரதத்தை ஜப்பானியர்கள் 2002இல் கண்டுபிடித்தார்கள்.

மூளை இல்லை, நரம்பு இல்லை. பார்ப்பதும் திரும்புவதும் அந்த ஒரே இழையின் அடியிலும் நுனியிலுமாக நடந்துவிடுகிறது. எனக்கு யூக்ளினாவை இத்தனை பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம்.

இயற்பியல் மாணவன்
இங்கே என் பாடமும் வருகிறது. இத்தனை சிறிய உடம்புக்குத் தண்ணீர் நமக்குத் தெரிகிற தண்ணீராக இருக்காது. நாம் நீச்சலடிக்கும்போது ஒரு உந்து உந்திவிட்டுச் சும்மா இருந்தாலும் கொஞ்ச தூரம் மிதந்து போவோம். இவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. இழை நின்ற கணமே உடம்பும் நின்றுவிடும். கருப்பட்டிப் பாகு நிறைந்த தொட்டியில் நம்மை இறக்கிவிட்டால் எப்படி இருக்கும், அதைவிட மோசம்.

எட்வர்ட் பர்செல் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1977இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இதை அழகாக விளக்கினார். அந்த உலகத்தில் போன வழியே திரும்பி வரும் அசைவால் பயனில்லை. சிப்பி வாயைத் திறந்து மூடுகிற மாதிரி ஒரே கீலில் அசைந்தால், திறக்கும்போது போன தூரம் மூடும்போது கழிந்துவிடும். வேகமாக மூடினாலும் அப்படித்தான், மெதுவாக மூடினாலும் அப்படித்தான். கடைசியில் கிளம்பிய இடத்திலேயே நிற்கும். முன்னேற வேண்டுமானால் போகும்போது ஒரு வடிவமும் வரும்போது வேறொரு வடிவமும் வேண்டும். டீச்சர் சொன்ன கிளாமிடோமோனஸைக் கவனியுங்கள், வீசும்போது இழை விறைப்பாக இருக்கும், திரும்பும்போது வளைந்து உடம்போடு ஒட்டி வரும். யூக்ளினாவின் இழையில் அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறது, திரும்பி வருவதே இல்லை. விறைத்த கட்டை போன்ற வால் இருந்திருந்தால் இவற்றில் எதுவும் நகர்ந்திருக்காது. வளைகிற இழை வேண்டியிருப்பது இதனால்தான்.

சும்மா_கேட்கிறேன்
பாக்டீரியாவுக்கும் இதே வால்தானே? டைபாய்டு கிருமி படத்தில் பார்த்திருக்கிறேன்.

துளிநீர்
இல்லை. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது முழுக்க வேறு.

பாக்டீரியாவின் இழைக்குச் சொந்தமாக அசைவு கிடையாது. பிளாஜெலின் என்ற புரதத்தால் ஆன திருகு வடிவ நூல் அது, தடிமன் சுமார் 20 நானோமீட்டர். அடியில் செல்லின் சவ்வில் ஒரு மோட்டார் பதிந்திருக்கிறது, உண்மையிலேயே சுழல்கிற மோட்டார். புரோட்டான்கள் உள்ளே பாயும் விசையில் அது சுற்றுகிறது. ஈ. கோலை கிருமியில் விநாடிக்கு நூறு சுற்று அளவுக்குப் போகும். இழை அசைகிறதா, சுழல்கிறதா என்று நெடுநாள் சர்ச்சை இருந்தது. சுழல்கிறது என்று ஹோவர்ட் பெர்க் 1973இல் வாதிட்டார். அடுத்த ஆண்டே இழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்த்தார்கள். இழை நகர முடியாததால் பாக்டீரியாவின் உடம்பே சுற்றியது. அதோடு சர்ச்சை முடிந்தது.

யூக்ளினா வகையின் இழை அதைவிடப் பத்து மடங்கு தடிமன். குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரத்தில் வட்டமாக 9 ஜோடி நுண்குழல்களும் நடுவில் தனித்தனியாக 2 நுண்குழல்களும் இருக்கும். ஜோடிகளுக்கு நடுவே டைனின் என்ற புரதம் கைகளை நீட்டிப் பக்கத்து ஜோடியைப் பிடித்து நகர்த்தும், இதற்கு எரிபொருள், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு. குழல்கள் அடியில் கட்டப்பட்டிருப்பதால் நழுவ முடியாமல் வளைகின்றன. இழையின் நீளம் முழுவதும் இந்தக் கைகள் இருப்பதால் எந்த இடத்திலும் வளைய முடியும். இந்தப் புரதத்தை 1960களில் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவர் இயன் கிப்பன்ஸ்.

பாத்திமா_லேப்
இந்த 9+2 நம் உடம்பிலும் இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளுகிற குறு இழைகள், கருக்குழாயில் முட்டையை நகர்த்துகிற குறு இழைகள், விந்தணுவின் வால், எல்லாமே இதே கட்டமைப்பு. டைனின் கைகள் பிறவியிலேயே இல்லாத ஆண்களைப் பற்றி ஸ்வீடனில் பியோர்ன் அப்செலியஸ் 1976இல் எழுதினார். விந்தணு நகராது, நெஞ்சில் எப்போதும் சளி, சைனஸ் தொல்லை. இந்தக் குறை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும். கருவில் எது இடம், எது வலம் என்று தீர்மானிப்பதிலும் குறு இழைகளின் சுழற்சிக்குப் பங்கு உண்டு என்று பிறகு தெரிந்தது.

நான் லேப் டெக்னீஷியன். எங்கள் மேசைக்கு வருகிற கசையிழை உயிர்கள் யூக்ளினா மாதிரி சாதுவானவை இல்லை. பிள்ளைகளின் மலப் பரிசோதனையில் ஜியார்டியா வரும். சூடு ஆறாத மலத்தில் சலைன் விட்டுப் பார்த்தால், பேரிக்காய் வடிவம், இரண்டு உட்கரு, நாலு ஜோடி இழை. இரண்டு உட்கருவும் கண்களாகத் தெரிவதால் நம்மையே பார்க்கிறது போல இருக்கும். நீந்தும்போது அகலப் பக்கமும் விளிம்புமாக மாறி மாறிக் காட்டிப் புரண்டுபோகும், அந்த அசைவை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். வயிற்றுப் பக்கத்தில் ஒட்டுத்தட்டு ஒன்று இருக்கிறது, அதைக்கொண்டு குடல் சுவரைப் பற்றிக்கொள்ளும். டச்சுக்காரர் லேவன்ஹூக் 1681இல் தனக்குப் பேதி ஆனபோது தன் மலத்தையே லென்ஸில் வைத்துப் பார்த்து எழுதியதும் இதைத்தான் என்கிறார்கள்.

வெளியே வரும்போது ஓடு கட்டிக்கொண்டு வரும். குழாய்த் தண்ணீரில் வழக்கமாகப் போடும் குளோரின் அளவுக்கு அந்த ஓடு அவ்வளவு லேசில் மசியாது. கொதிக்க வைத்தால் செத்துவிடும். ஊரணித் தண்ணீரைக் குடிக்கிற வழக்கம் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், கொதிக்க வைக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் அண்ணா. சிவப்பு ஆடை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வடக்கூரான்
குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது தங்கச்சி. மாடு மட்டும் ஊரணியில் குடிக்கும். மாட்டுக்கு ஏதாவது வருமா?

கால்நடை_வைத்தியர்
சிவப்பு ஆடை ஒதுங்கிக் கெட்டியாகக் கிடக்கிற மூலையில் மாட்டை இறக்காதீர்கள், தெளிந்த பக்கம் குடிக்கட்டும்.

கசையிழை உயிரால் கால்நடைக்கு வருகிற பெரிய தொல்லை தண்ணீர் வழியாக வருவதில்லை, கடிக்கிற ஈ வழியாக வருகிறது. சர்ரா நோய். கிருமியின் பெயர் டிரிபனோசோமா எவான்சி. கிரிபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் 1880இல், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில், குதிரைகள், ஒட்டகங்களின் ரத்தத்தில் இதைப் பார்த்தார். டிரிபனோசோம் ஒன்று நோய் உண்டாக்கும் என்று முதலில் காட்டியது அவர்தான்.

மாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், கறவை குறையும், இளைக்கும். குதிரையும் நாயும் தாங்காது. விட்டு விட்டுக் காய்ச்சல், கால் வீக்கம், நாய்க்குக் கண் வெள்ளையாகப் பூத்துவிடும். ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் 2000 ஜூலையில் புலிகள் வரிசையாகச் செத்தது இதனால்தான்.

ரத்தத்தை ஒரு சொட்டு எடுத்துச் சாயம் எதுவும் போடாமல் உடனே பார்க்க வேண்டும். முதலில் கிருமி தெரியாது. ஓர் இடத்தில் மட்டும் சிவப்பணுக்கள் காரணமில்லாமல் இடிபட்டு விலகும். அங்கேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தால் நடுவில் மெல்லிசாக ஒன்று துடிப்பது தெரியும். கசையிழை அதன் உடம்பின் நீளத்துக்கு ஒட்டியே ஓடுவதால், இழை அடிக்கும்போது உடம்பும் சேர்ந்து நெளிகிறது.

இதன் ஆப்பிரிக்கப் பங்காளியான டிரிபனோசோமா புரூசியில் 2007இல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நம் உடம்பின் எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடிகள்) கிருமியின் மேல் வந்து ஒட்டும் அல்லவா? கிருமி முன்னோக்கி நீந்தும் வேகத்தில், ஒட்டியவை பின்பக்கமாக அடித்துச் செல்லப்பட்டு, இழை புறப்படும் குழிக்கு வந்து சேர்கின்றன. அங்கே கிருமி அவற்றை விழுங்கிச் செரித்துவிடுகிறது. நீச்சலை நிறுத்தினால் இந்தச் சுத்திகரிப்பும் நடக்காது. போதாததற்கு மேற்பூச்சுப் புரதத்தையும் அவ்வப்போது மாற்றிக்கொள்கிறது. தடுப்பூசி இன்னும் வராததற்கு அந்த மாற்றம் பெரிய காரணம்.

மனிதருக்குச் சர்ரா வராது என்றுதான் படித்தோம். 2004இல் மகாராஷ்டிராவின் சந்திரப்பூர் மாவட்டத்தில் ஒரு விவசாயிக்கு வந்தது. பிறகு சோதித்ததில், இந்தக் கிருமியைக் கொல்லும் அப்போஎல்1 என்ற புரதம் அவருக்குப் பிறவியிலேயே சரியாக அமையவில்லை என்று தெரிந்தது. மற்றவர்களின் ரத்தத்தில் அது காவல் நிற்கிறது.

விலங்கியல் டீச்சர்
வைத்தியர் ஐயா பங்காளி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. டிரிபனோசோமாவும் ஊரணி யூக்ளினாவுமே பங்காளிகள்தான்! இரண்டும் யூக்ளினோசோவா என்ற ஒரே பெரும் பிரிவு. இரண்டின் கசையிழையிலும் 9+2 குழல்களுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு தண்டு ஓடும். யூக்ளினாவின் மூதாதை ஒரு பச்சைப் பாசியை விழுங்கிச் செரிக்காமல் வைத்துக்கொண்டது, அதுதான் இன்று பசுங்கணிகம். அதைச் சுற்றி மூன்று சவ்வுகள் இருப்பது அதற்குச் சாட்சி. யூக்ளினா தாவரமா விலங்கா என்று மாணவர்கள் கேட்டால், இரண்டும் இல்லை, அது தனிக் குலம் என்று நான் சொல்லிவிடுவேன்.

அந்தக் குலத்தில் இன்னொன்று நம் சென்னையோடு தொடர்புள்ளது. காலா அசார் என்ற கருங்காய்ச்சலின் கிருமி. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் என்ற அயர்லாந்து மருத்துவர் 1903 ஏப்ரலில், இறந்த நோயாளிகளின் மண்ணீரலில் சின்னச் சின்ன உருண்டைகளைப் பார்த்தார். அடுத்த மாதம் லண்டனில் லீஷ்மன், கல்கத்தா அருகே டம்டம் முகாமிலிருந்து வந்து இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் பார்த்ததை வெளியிட்டார். செத்த திசுவில் அழுகலால் வந்ததாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தது. ஜூன் மாதம் டோனவன், உயிரோடு இருக்கும் ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்திலும் அதே உருண்டைகளைக் காட்டினார். சந்தேகம் தீர்ந்தது. இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவனி என்று பெயர் வைத்தவர் ரொனால்டு ராஸ்.

அந்த உருண்டைகளில் வெளியே நீளும் வால் இல்லை. நம் செல்லுக்குள் பதுங்கியிருக்கும்போது நீந்த வேண்டிய அவசியம் இல்லையே. 1904இல் கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ் அவற்றை உடம்புக்கு வெளியே வளர்த்தபோது, உருண்டைகள் நீண்டு வால் முளைத்து நீந்தத் தொடங்கின. மணல் ஈயின் வயிற்றில் நடப்பதும் அதுதான். மணல் ஈ கடித்துத்தான் நோய் பரவுகிறது என்பது 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் தன்னார்வலர்கள் மேல் செய்த சோதனையில் உறுதியானது. வேண்டும்போது வாலை முளைக்கவிட்டு வேண்டாதபோது ஒடுக்கிக்கொள்கிற இந்த ஏற்பாட்டை எத்தனை முறை பாடமாக எடுத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

மண்டபத்தான்
எங்கள் கடலிலும் இப்படி நிறம் மாற்றுகிற ஒன்று உண்டு. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சைப் பசேலென்று ஆனது. மீன்கள் செத்து ஒதுங்கின. நாங்கள் பூங்கோரை என்போம். ஆய்வு நிலையத்தார் வந்து நாக்டிலுகா என்றார்கள். அதற்கு முந்தின மாதம்தான் சென்னையில் திருவான்மியூர் பக்கம் அலை நீல நிறமாக மின்னியது என்று செய்தி வந்தது. இரண்டும் ஒன்றா?

துளிநீர்
ஒரே இனம்தான். நாக்டிலுகா சின்டிலன்ஸ். ஒரே செல் என்றாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இருப்பதால் வெறுங்கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். அலை மோதினாலும் கை பட்டாலும் உள்ளே அமிலத்தன்மை மாறி லூசிபெரின் என்ற பொருள் ஒளிவிடும்.

இந்தப் பேச்சில் இதைச் சேர்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. நாக்டிலுகாவுக்குக் கசையிழை இருக்கிறது, ஆனால் வாய்ப் பக்கம் சிறுத்துப்போய்க் கிடக்கிறது. அதை வைத்து நீந்த முடியாது. உடம்புக்குள் அம்மோனியம் உப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு மிதக்கிறது. உங்கள் பக்கத்துப் பச்சை நாக்டிலுகாவின் உள்ளே பச்சைச் செல்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கின்றன. அவையும் கசையிழை உயிர்களே. வெளியே இருப்பது நீந்த மறந்துவிட்டது, அதன் வயிற்றுக்குள் இருப்பவை ஓயாமல் நீந்துகின்றன. கூட்டமாகச் சாகும்போது அம்மோனியா வெளியேறும், ஆக்சிஜனும் குறையும், இரண்டும் சேர்ந்து மீனைக் கொல்லும்.

சும்மா_கேட்கிறேன்
கறையானின் வயிற்றிலும் இப்படி நுண்ணுயிர் இருந்துதான் மரத்தைச் செரிக்கிறதாமே? எங்கள் தோட்டத்துப் புற்றை உடைத்துப் பார்த்தால் கிடைக்குமா?

விலங்கியல் டீச்சர்
புற்றை உடைக்க வேண்டாம், அங்கே கிடைக்காது. நம் தோட்டத்தில் மண் புற்று கட்டுகிற கறையான்கள் உள்ளே பூஞ்சை வளர்த்துச் சாப்பிடுகிறவை. மழை பெய்ததும் கிளம்புகிற புற்றுக்காளான் அந்தப் பூஞ்சைதான். அவற்றின் குடலில் இந்தக் கசையிழை உயிர்கள் இல்லை. கதவு நிலையையும் கூரைச் சட்டத்தையும் அரிக்கிற காப்டோடெர்மஸ் போன்ற கறையான்களிடம்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் கிளீவ்லாண்டு என்பவர் 1920களில் அந்த உயிர்களை மட்டும் கொன்றுவிட்டுக் கறையானுக்கு மரத்தைக் கொடுத்தார். வயிறு நிறையத் தின்றும் கறையான் பட்டினியால் செத்தது. திரும்பவும் உயிர்களைப் புகுத்தியபோது பிழைத்தது. நிலைக்கதவு கறையான் ஒன்று கிடைத்தால் குடலை இழுத்து உப்புத் தண்ணீரில் வைத்துச் சட்டென்று பாருங்கள். காற்றுப் பட்டால் இவை சீக்கிரம் செத்துவிடும்.

இயற்பியல் மாணவன்
கிளாமிடோமோனஸைப் பற்றி ஒரு சேதி விட்டுப்போயிற்று. அதுவும் வெளிச்சம் பார்த்து நீந்தும். அதன் கண் புள்ளியில் இருக்கிற, வெளிச்சம் பட்டால் திறக்கும் புரதக் கதவுகளை 2002, 2003இல் பிரித்தெடுத்தார்கள். அவற்றை எலியின் நரம்பு செல்லில் வைத்து வெளிச்சம் காட்டியபோது நரம்பு தூண்டப்பட்டது. 2021இல் விழித்திரை நோயால் பல ஆண்டுகளாகப் பார்வை இல்லாத ஒருவரின் கண்ணில், இதன் உறவுப் பாசி ஒன்றிலிருந்து வந்த புரதத்துக்கான மரபணுவைச் செலுத்தினார்கள். சிறப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவரால் மேசை மேல் இருந்த பொருளைத் தொட்டு எடுக்க முடிந்தது. குளத்துப் பாசி எங்கே, மனிதக் கண் எங்கே! பயனில்லாத ஆராய்ச்சி என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

வடக்கூரான்
லுகால்ஸ் அயோடின் பள்ளியிலேயே இருந்தது. டயாபிரமை மூடிப் பார்த்ததில் வால் தெரிந்தது. டீச்சர் சொன்ன மாதிரி முன்பக்கம்தான். பாப்பா நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள். ஆடையை வழித்தெடுத்த பிறகு மீன்கள் நன்றாகத் திரிகின்றன, சாணி போடுவதை நிறுத்திவிட்டோம். அவள் வகுப்பில் எல்லோருக்கும் காட்ட வேண்டுமாம். வீட்டிலேயே வளர்க்க முடியுமா?

துளிநீர்
தாராளமாக. ஒரு கண்ணாடி பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீர், அதில் வேகவைத்த கோதுமை மணி நாலைந்து. மூடியை இறுக்காமல் இரண்டு நாள் விட்டு, ஊரணித் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். நேர் வெயில் படாத சன்னலோரம் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை ஏறும்.

வகுப்பில் காட்டும் அன்று பாட்டிலைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டி, ஒரு பக்கம் ஐம்பது பைசா அளவுக்கு ஓட்டை வெட்டி, ஓட்டை சன்னலைப் பார்க்கும்படி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பாட வேளை முடிந்து தாளை உரித்தால் ஓட்டைக்கு நேரே பச்சை வட்டமாகக் கூடியிருக்கும். அந்த வட்டத்திலிருந்து பில்லரால் ஒரு சொட்டு எடுத்தால் ஸ்லைடு நிறைய இருக்கும், தேடவே வேண்டாம். தொட்ட பிறகு பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.